மயிர்க்கால் அழற்சி: கேள்வி பதில்

கேள்வி: முதுகு, நெஞ்செல்லாம் குட்டிக் குட்டிச் சிவப்புப் பரு, ஓயாத அரிப்பு. முகப்பரு என்று ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டேன், இன்னும் கூடிவிட்டது. ஏன்?

பதில்: எல்லாம் ஒரே அளவில், கரும்புள்ளி இல்லாமல், வியர்த்தால் அரிக்கிறதென்றால் மயிர்க்காலில், அதாவது முடி முளைக்கும் குழியில், பெருகும் மலசீசியா பூஞ்சையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். எல்லார் தோலிலும் இருப்பதுதான். மாத்திரையில் பாக்டீரியா குறைந்ததும் போட்டியில்லாமல் பெருகிவிடும். 2% கீட்டோகோனசோல் ஷாம்பூவை ஈர உடம்பில் தடவி, 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். உடனே அலசினால் பயனில்லை. இரண்டு மூன்று வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை. உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். இந்தப் பூஞ்சைக்குக் கொழுப்புதான் தீனி. மாத்திரையை நிறுத்துவது பற்றி எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வேர்க்குருவா இதுவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பருவின் நடுவில் முடி நின்றால் மயிர்க்கால் அழற்சி. வேர்க்குரு வியர்வைக் குழாய் அடைப்பு, அதில் முடி இருக்காது.

கேள்வி: சவரம் செய்தால் கழுத்தில் மட்டும் கொப்புளம். சுருட்டை முடி.

பதில்: வெட்டிய முனை வளைந்து திரும்பத் தோலுக்குள்ளேயே குத்துகிறது. கிருமியால் வருவதல்ல, அதனால் டெட்டால் தேய்த்து எரிச்சலைக் கூட்டாதீர்கள். மூன்று நான்கு வாரம் ரேசரைத் தொடாமல், டிரிம்மரில் 1 மில்லிமீட்டராவது விட்டு வெட்டுங்கள். மறுபடி ரேசர் எடுக்கும்போது தோலை இழுத்துப் பிடிக்கக் கூடாது. முடி சாயும் திசையிலேயே போங்கள். மொழுமொழுவென்று வேண்டுமென்று எதிர்த்து இழுத்தால் முனை தோலுக்குக் கீழே போய் அங்கேயே வளரும். புதைந்த முடியை ஊசியால் நெம்பி மேலே எடுத்துவிடலாம், பிடுங்கக் கூடாது.

கேள்வி: மெடிக்கலில் கொடுத்த கலவை கிரீமில் இரண்டே நாளில் அடங்குகிறது, விட்டால் வருகிறது.

பதில்: ஸ்டீராய்டு கலந்ததாக இருக்கும். சிவப்பை அமுக்கும், கிருமியை வளர்க்கும். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்றிருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: தொடையில் சீழ்க்கட்டி, ஆறினால் பக்கத்திலேயே இன்னொன்று. சூட்டுக்கட்டிதானே?

பதில்: சூடு இல்லை, பெரும்பாலும் ஸ்டாஃப் பாக்டீரியா. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தடவைக்கு 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுங்கள். பிதுக்கினால் உள்ளே பரவும். துண்டு, ரேசர் தனியாக இருக்கட்டும். இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பாருங்கள். இந்தக் கிருமி மூக்குத் துவாரத்துக்குள் குடியிருக்கும். மருத்துவர் மூக்குக்குள் தடவ மியூப்பிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு தரலாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, மூக்கு உதடு பக்கம் கட்டி என்றால் அன்றே போய்க் காட்டுங்கள்.