வானிலைச் செயலியில் 15 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேக அளவு) காற்று, கரையில் இலைகூட அசையவில்லை. முன்னறிவிப்பை நம்பி விண்ட்சர்ஃபிங் (பாய்மரம் பொருத்திய பலகையில் நின்று காற்றால் நீரில் ஓடுவது) போகலாமா?

நீங்கள் புதிதாகப் பழகுகிறவர், வாரத்தில் ஒரு நாள்தான் கிடைக்கிறது, அதுவும் வீணாகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் இரண்டு வருடம் அப்படித்தான் போனது.

ஒரு சனிக்கிழமை, மதியம் 2 மணிக்கு 16 நாட் என்று போட்டிருந்தது. 11 மணிக்கே பாயை மாட்டி மணலில் வைத்துவிட்டேன். வானம் முழுக்க பால் படிந்த மாதிரி மெல்லிய மேகம். பாய்மர உச்சியில் கட்டியிருந்த நாடா நேராகக் கீழே தொங்கியது. 4 மணி வரைக்கும் அது தொங்கிக்கொண்டேதான் இருந்தது. செயலி மோசம் என்று அன்று நினைத்தேன். தப்பு என் பக்கம்தான். நான் பார்த்தது எண்ணை மட்டும். அந்தக் காற்று எதனால் வர வேண்டும் என்று பார்க்கவில்லை.

அது கடற்காற்று. வெயிலில் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேகம் மூடினால் தரை சூடாகாது, காற்றும் வராது. அதனால் மதியக் காற்றுக்குச் செயலியில் மேக அளவு காட்டும் வரிசையை முதலில் பாருங்கள், நாட் அப்புறம். பெரிய காற்றழுத்த வேறுபாட்டால் வரும் காற்று வேறு. அது மேகத்திலும் வீசும், ராத்திரியிலும் வீசும். முன்னறிவிப்பு அதைத்தான் நன்றாகப் பிடிக்கும்.

இன்னொன்று. பல செயலிகளுக்கு அடியில் இருப்பது வானிலையைக் கணக்கிடும் அதே ஒன்றிரண்டு கணினி மாதிரிகள்தான். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் சுமார் 13 கிலோமீட்டர் கட்டங்களில் கணக்கிடுகிறது, ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி சுமார் 9 கிலோமீட்டரில். உங்கள் கடற்கரை பாதி நிலம், பாதி கடலாக ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். விண்டி, விண்ட்குரு என்ற இரண்டு செயலிகளிலும் மாதிரியை மாற்றிப் பார்க்கலாம். இரண்டு மாதிரியும் ஒத்துப்போனால் கிளம்புங்கள். ஒன்று 8, இன்னொன்று 17 என்றால் நான் கிளம்புவதில்லை.

இதைவிட முக்கியம், வீச்சு வரிசை, அதாவது திடீரென்று அடிக்கும் பலத்த காற்றின் வேகம். சராசரி 10, வீச்சு 24 என்று இருந்த ஒரு நாளில், 10-ஐ நம்பிப் பெரிய பாயோடு இறங்கினேன். தூரத்தில் இடிமேகம் தெரிந்தது. திடீரென்று காற்று நின்றது, முகத்தில் சில்லென்று ஏதோ பட்டது, அடுத்த நிமிடம் கையிலிருந்து பாயைப் பிடுங்கிப் போட்டது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. பலகையில் படுத்துக் கையால் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தேன். காற்று கரைப்பக்கமாக வீசியதால் பிழைத்தேன். கடலை நோக்கி வீசியிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. திசையைப் பார்க்காமல் இறங்காதீர்கள். மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. புதிதாக வருபவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

"அனுபவம் இருந்தால் வானத்தைப் பார்த்தே சொல்லலாம், செயலி எதற்கு?" என்று சிலர் சொல்வார்கள். வானத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? வீட்டிலிருந்து கிளம்பலாமா என்று முந்தின இரவே முடிவெடுக்க வேண்டியவருக்குத்தான் இந்தப் பதில்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் பழகிய இடத்தில் காற்றே இல்லாத நாளிலும் வகுப்புக்கு முழுக் கட்டணம் வாங்கினார்கள். தேதி மாற்றிக் கேட்டதற்கு, "முன்னறிவிப்பு நன்றாகத்தானே இருந்தது" என்று அதையே என் மேல் திருப்பினார்கள். இன்னும் ஆறவில்லை. பணம் கட்டும் முன் காற்றில்லா நாளுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி சொன்னது, உண்மையில் வந்தது, திசை, மேகம். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். அலைமுகட்டில் வெள்ளை நுரை அடிக்கடி தெரிந்தால் 12 நாட்டுக்கு மேல் என்று எழுதிக்கொள்ளலாம். ஒரு பருவம் எழுதிய பிறகு எனக்குத் தெரிந்தது இது: நான் இறங்கும் இடத்தில் தென்மேற்குக் காற்று சொன்னதைவிட 4 நாட் கூடுதலாக வரும். வடக்குக் காற்று என்றால், பின்னால் இருக்கும் மேடு மறைத்துவிடும், சொன்னதில் பாதிதான். எந்தச் செயலியும் இதை எனக்குச் சொல்லவில்லை.