கிணற்று எண்ணெயைப் பற்றீரியா தின்னுமா?

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததே, பற்றீரியா விட்டால் தண்ணீர் சுத்தமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தின்னும். டீசலை உடைத்துக் காபனீரொட்சைட்டும் நீருமாக்கும் பற்றீரியா மண்ணிலேயே இருக்கிறது. போத்தலில் வாங்கி ஊற்றத் தேவையில்லை. அதற்குப் போதாமல் இருப்பது பெரும்பாலும் ஒட்சிசன்தான். அதனால் நிலத்துக்குள் காற்றைச் செலுத்துவார்கள், கூடவே கொஞ்சம் நைதரசனும் பொசுபரசும். எங்கள் சிக்கல், நிலத்தடியில் இருக்கும் சுண்ணக்கல் பாறை. வெடிப்புகளுக்குள்ளால் தண்ணீர் ஓடுவதால், செலுத்திய காற்றும் ஊட்டமும் எந்தக் கிணற்றுக்குப் போகுமென்று சொல்வது கஷ்டம். வாளியில் வானவில் மாதிரிப் படலம் மிதந்தால் அதைக் குடிக்கவே வேண்டாம்.

தோட்டக் கிணறுகளில் உரத்திலிருந்து சேரும் நைத்திரேற்று என்ற உப்பு வேறு கதை. அதை நைதரசன் வாயுவாக்கும் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் இல்லாத இடமும், சீனி மாதிரி ஒரு காபன் உணவும் வேண்டும். சரி, தண்ணீர் சுத்தமாகும்வரை? நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது.