தாயும் சேயும் நலம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் குழந்தை பிறந்து இன்றோடு 18 நாள். தலைப்பிரசவம். "சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம்" என்று கணவர் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தியை நானும் பலமுறை எடுத்துப் பார்த்தேன். அதில் நலமாக இருக்கும் தாய் யார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஒன்பதாம் மாதம் விரல்கள் மரத்துப்போய் இரவுத் தூக்கம் போனது. வலி என்று இரண்டு தடவை ஓடிப்போய், பொய்வலி என்று திரும்பி வந்தோம். பனிக்குடம் உடைந்ததே தெரியாமல், சிறுநீர்தான் கசிகிறது என்று அரை நாள் சும்மா இருந்துவிட்டேன். குழந்தையை என் மார்பில் போட்டபோது பல்லெல்லாம் அடித்துக்கொள்ள நடுங்கிக்கொண்டிருந்தேன். 'அப்பாடா, முடிந்தது' என்பதைத் தவிர மனசில் ஒன்றுமே தோன்றவில்லை. மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுதேன். இப்போதும் பல சாயங்காலங்களில் அழுகை வருகிறது. ரத்தக் கசிவு முழுக்க நிற்கவில்லை. வயிறு இன்னும் ஐந்து மாத வயிறு போலத்தான் இருக்கிறது.

யாரைக் கேட்டாலும் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்கிறார்கள். அப்படியானால் ஏன் ஒருவர்கூட முன்பே சொல்லவில்லை? எனக்குத் தாய்மை உணர்வே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பல மணி நேரம் வலியில் கிடந்த உடம்புக்கு அந்த நொடியில் தெரிவது ஒன்றுதான்: வலி நின்றுவிட்டது. என் முதல் பிரசவத்தில் நான் குழந்தையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு போர்வை போர்த்தியும் முழங்கால்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. பக்கத்தில் இருந்த செவிலியர் என் காலில் கை வைத்து, "இது குளிர் இல்லைம்மா, பிள்ளை பெற்ற உடம்பு இப்படித்தான் நடுங்கும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்" என்றார். நின்றது. அந்த வார்த்தையை ஒரு மாதம் முன்பே யாராவது சொல்லியிருந்தால் செத்துவிடுவேனோ என்று பயந்திருக்க மாட்டேன். மகள் மேல் எனக்குப் பிரியம் வந்தது மூன்றாவது வாரம். ஒரு விடியற்காலையில் அவள் தும்மினாள், தும்மிய சத்தத்தில் தானே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் வந்தது. உங்களுக்கும் வரும். வருகிற நேரம் ஆளுக்கு ஆள் மாறும்.

ஏன் யாரும் சொல்லவில்லை? சொன்னால் பயந்துவிடுவாள் என்ற நல்லெண்ணம்தான் பெரும்பாலும். ஆனால் அந்த நல்லெண்ணம் தவறு என்றே நினைக்கிறேன். "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று பிறகு சொல்வது அதைவிடப் பெரிய தவறு. எது தானாகச் சரியாகும், எதற்கு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்ற வேறுபாட்டையே அந்த ஒரு வாக்கியம் அழித்துவிடுகிறது. உங்கள் கடிதத்தில் இரண்டும் கலந்து இருக்கின்றன.

விரல் மரத்துப்போனது, கர்ப்பத்தில் உடம்பில் சேரும் நீர் மணிக்கட்டு நரம்பை அழுத்துவதால். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானாகவே போய்விடும். பொய்வலிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பிராக்ஸ்டன் ஹிக்ஸ். 1872ல் அதை விவரித்து எழுதிய ஆங்கிலேய மருத்துவரின் பெயர் அது. இரண்டு தடவை திரும்பி வந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குறித்துக் கொடுத்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்றுதான். பனிக்குடம் மட்டும் அடுத்த முறை நினைவில் இருக்கட்டும். சிலருக்குக் குடம் உடைந்த மாதிரி கொட்டாது, சொட்டுச் சொட்டாகத்தான் கசியும். நீர் கசிந்தபடியே நேரம் போனால் கிருமித் தொற்றுக்கு வழி உண்டு. சந்தேகம் வந்தவுடன் மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், கசிவு. நம் மொழியில் 'பச்சை உடம்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. பிள்ளை பெற்றவளைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. நஞ்சுக்கொடி பிரிந்து வந்த இடத்தில் கருப்பைக்குள் கிட்டத்தட்ட உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காயம் இருக்கிறது. வெளியே யார் கண்ணுக்கும் அது தெரியாது. ஆறின காயம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது அது ஆறிக்கொண்டுதான் இருக்கும். அதிலிருந்து வரும் கசிவு முதலில் சிவப்பு, பிறகு பழுப்பு, பிறகு வெளிறிய மஞ்சள் என்று நிறம் மாறி, நிற்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது உண்டு. வெளுத்துக்கொண்டிருந்த கசிவு மறுபடி சிவந்தால், அதிகமாக நடமாடிவிட்டோம் என்று அர்த்தமாக இருக்கலாம், போய்ப் படுங்கள். பிரசவத்தன்று ஒரு கிலோ அளவில் இருந்த கருப்பை ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே சுருங்குகிறது. இந்தப் பதினெட்டாம் நாளில் அது இடுப்பெலும்புக்குள் இறங்கியிருக்கும். நீங்கள் பார்க்கும் வயிறு, மாதக்கணக்கில் விரிந்த தசையும் தோலும்தான். அது மெதுவாகத்தான் திரும்பும்.

பால் கொடுக்கும்போது அடிவயிற்றைப் பிடித்து இழுக்கிறதா? ஆக்ஸிடாசின் என்ற ஒரே ஹார்மோன்தான் பாலையும் இறக்குகிறது, கருப்பையையும் சுருக்குகிறது. இரண்டாவது பிரசவத்தில் இந்த வலி கூடும் என்பதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. மகன் வாய் வைத்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணியிருக்கிறேன்.

'சுகப்பிரசவம்' என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. முதல் முறை பிறப்புறுப்பு வழியே பெற்றெடுப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு அளவில் கிழிசலோ வெட்டோ இருக்கிறது. தையல் போட்டிருந்தால், சிறுநீர் கழிக்கும்போதே வெதுவெதுப்பான நீரை ஒரு பாட்டிலில் பிடித்து மேலே ஊற்றிக்கொள்ளுங்கள், எரிச்சல் குறையும். முதல் தடவை மலம் கழிக்கப் போகும் பயம் பிரசவ பயத்துக்குக் குறைந்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள் நான். மருத்துவரிடம் கேட்டால் மலம் இளகுவதற்கு மருந்து தருவார். கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி உங்கள் அழுகை. மூன்றாம் நாள் அழுகைக்குக் காரணம் இருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் கர்ப்பகால ஹார்மோன்கள் சடாரென்று சரிகின்றன. பால் கட்டி மார்பு கல்லாகிறதும் அதே நாட்களில்தான். அதற்குள் மூன்று இரவுத் தூக்கம் போயிருக்கும். பத்தில் ஏழெட்டுத் தாய்மார்களாவது அப்போது அழுகிறார்கள். அது இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிட வேண்டும்.

நீங்கள் பதினெட்டாம் நாளில் இருக்கிறீர்கள். அழுகை இன்னும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதை "எல்லாருக்கும் இப்படித்தான்" கணக்கில் போட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். சிகிச்சை உண்டு, குணமாகிறது. அதைக் கண்டுபிடிக்க 1987ல் எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் தயாரித்தார்கள். கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஐந்து நிமிட வேலை. ஆறாவது வாரப் பரிசோதனை வரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் போய் அந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் இந்த வாரம் என்றுகூட இருக்க வேண்டாம், அன்றே, அப்போதே.

அதே அவசரம் வேறு சிலவற்றுக்கும் உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைவது, பெரிய ரத்தக்கட்டிகள், 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. கண் மங்கலோடு விடாத தலைவலியும் அப்படித்தான். ரத்த அழுத்தச் சிக்கல் பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரைகூட வரக்கூடும். இவற்றில் ஒன்று வந்தாலும் யாருடைய சமாதானத்தையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். உங்களுக்கே சொல்லத் தோன்றாத நிலை வந்தால் அவர் சொல்ல வேண்டும்.

இன்று ராத்திரி ஒரு தடவையாவது, பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குங்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
ம.