தமிழ்வழியில் படித்த டிசைன் மாணவர்களுக்கு வேலைக்கான ஆங்கிலத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

அவர்கள் செய்த வேலையிலிருந்தே தொடங்குங்கள். இலக்கணப் புத்தகத்தை முதல் மாதம் திறக்கவே வேண்டாம். விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுத்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்.

"எனக்கு இங்கிலீஷ் வராது சார்" என்று சொல்கிற பிள்ளை, லேயர், மாஸ்க், ஒப்பாசிட்டி என்று நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் புழங்குகிறது. கெர்னிங் (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியைச் சரிசெய்வது), மாக்கப் (டிசைனைப் பொருள்மேல் வைத்துக் காட்டும் மாதிரிப் படம்) எல்லாம் அத்துப்படி. அந்தச் சொற்களைக் கோத்துத் தன் வேலையைப் பற்றி நாலு வாக்கியம் பேசத்தான் வரவில்லை. இன்டர்வியூவில் கேட்பதும் அதைத்தான்.

ஒரு மாணவி காபித்தூள் பாக்கெட் ஒன்றை டிசைன் செய்திருந்தார். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: "இட் இஸ் வெரி நைஸ் அண்ட் கலர்ஃபுல்." பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அதில் விஷயமும் இல்லை. ஏன் பச்சை நிறம் என்று தமிழில் கேட்டேன். "கடையில எல்லாப் பாக்கெட்டும் பிரவுன் சார், நம்மளோடது தனியாத் தெரியணும்" என்றார். அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன்: "அதர் பேக்ஸ் ஆர் பிரவுன். ஐ சோஸ் கிரீன். இட் ஸ்டேண்ட்ஸ் அவுட் ஆன் த ஷெல்ஃப்." மூன்றே குட்டி வாக்கியங்கள், ஒரு டிசைனர் யோசித்த விதம் முழுக்க அதில் வந்துவிட்டது. முதலில் தமிழில் காரணம் சொல்ல வையுங்கள். காரணம் தெளிவாக இருந்தால் ஆங்கிலம் பின்னாலேயே வரும்.

குழுவாகச் செய்த வேலைக்கு "வி டிட்" என்று பொதுவாக எழுத விடாதீர்கள். படம் எடுத்தது யார், எழுத்துருவைத் தேர்ந்தது யார் என்று பிரித்து எழுதட்டும். பேச்சில் வினைச்சொல்லின் காலம் மாறிப்போனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போர்ட்ஃபோலியோவில், அதாவது செய்த வேலைகளின் தொகுப்பில், எழுத்துப்பிழை இருந்தால் கதை வேறு. அச்சுக்குப் போகும் வேலையிலும் இப்படித்தான் விடுவாரோ என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றிவிடும்.

அப்புறம், கேள்வி கேட்கப் பழக்குவது. "கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டும்" என்று கிளையன்ட் சொன்னால், "ஓகே சார்" என்று தலையாட்டிவிட்டு ராத்திரி முழுக்க நிறம் மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். "விச் பார்ட் ஷுட் பீப்பிள் நோட்டிஸ் ஃபர்ஸ்ட்?" என்ற ஒரு கேள்வி போதும், பாதி வேலை மிச்சம். வகுப்பில் ஒருவரைக் கிளையன்டாக உட்காரவைத்து இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

சிற்பம், ஓவியம் படிப்பவர்களுக்குத் தேவை கொஞ்சம் வேறு: படைப்பின் தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, வெண்கலமா என்பது), அளவு என்று கண்காட்சி லேபிள் எழுதவும், தன் படைப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதவும் தெரிய வேண்டும். கேலரிக்கோ, நுண்கலைக்கான தேசிய அமைப்பான லலித் கலா அகாதெமிக்கோ விண்ணப்பிக்கும்போது இவை கைகொடுக்கும்.

நான் கடைசியில் எடுப்பது, ஆனால் விடவே விடாதது, ஒப்பந்தம். ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் போகும் பிள்ளைகள் புரியாத ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆவது பிரிவின்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இது தெரிந்த பிள்ளை "அசைன்" (உரிமையை மாற்றிக் கொடுப்பது), "பெர்பெச்சுவல்" (என்றென்றைக்கும்), "வேர்ல்ட்வைட்" (உலகம் முழுக்க) என்ற சொற்களைப் பார்த்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்கும். ஒரு பக்க ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்து, பணம் எப்போது வரும், எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், உரிமை யாருக்கு என்ற மூன்று இடங்களையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். இதற்கு இரண்டு வகுப்பு போனாலும் பரவாயில்லை.