பனி கருக்கும் ஊரில் பூமி சூடாகிறதா?

அன்புள்ள அக்கா,

எங்கள் தேயிலைத் தோட்டம் நுவரெலியா பக்கம். இந்தத் தையிலும் பனி விழுந்து பள்ளத்துக் கொழுந்து கருகிவிட்டது. பறித்த கொழுந்தின் கிலோ குறைந்ததால் அம்மாவுக்கு நாலு நாள் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். பள்ளிக்கூடத்திலோ பூமி சூடாகிறது என்று படிப்பிக்கிறார்கள். காட்டை வெட்டியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார் தாத்தா. எது சரி?

ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

பனி கருக்கும் இரவுகளைக் கவனித்திருப்பீர்கள். மேகம் இருக்காது, காற்று இருக்காது, நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். பகலில் மண் வாங்கிய சூடெல்லாம் தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனம் கூடி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டு மலை பச்சையாக நிற்க, ஓடையோரக் கொழுந்து மட்டும் தீய்ந்து பழுப்பாகிறது. மேகம் மூடிய இரவில் இப்படி நடக்காது, மேகம் கம்பளி போலச் சூட்டைப் பிடித்துவைக்கும்.

காபனீரொட்சைட்டு செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். நிலக்கரியும் பெற்றோலும் எரிக்கத் தொடங்குவதற்கு முன் பத்து இலட்சம் பங்கு காற்றில் அது 280 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பூமியின் சராசரி வெப்பம் 1 பாகைக்கு மேல் கூடிவிட்டது. அளக்கத் தொடங்கிய பிறகு வந்த ஆண்டுகளில் 2024-தான் மிகச் சூடானது. சராசரி ஏறினாலும் தெளிந்த தை இரவு குளிரத்தான் செய்யும்.

சரி, தாத்தா சொல்வது? அதைத் தள்ளிவிடாதீர்கள். முதலில் கோப்பிக்காகவும், 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை தொடங்கிய பின் அதற்காகவும் நம் மலைகளின் காடு வெட்டப்பட்டது. மரத்திலிருந்த காபன் காற்றுக்குப் போனது ஒரு பக்கம். சரிவு மண்ணை ஆழமாகப் பிடித்திருந்த வேர் போனது, நம்மைப் பொறுத்தவரை, அதைவிடப் பெரிய இழப்பு. காற்று 1 பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே கொட்டும் மழை ஒரேயடியாகக் கொட்டுகிறது, அதுவும் வேர் இல்லாத மண்ணில்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதை முழுக்க வெப்பமாதலின் தலையில் கட்ட நான் துணியமாட்டேன். அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. இருந்தும் சனங்கள் அங்கேயே இருந்தார்கள். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். அப்படிப்பட்ட மழை இனிக் கூடத்தான் போகிறது.

இலங்கையில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1 தொன் காபனீரொட்சைட்டுத்தான் கணக்கு வருகிறது. உலகச் சராசரி 4 தொன்னுக்கு மேல். லயத்துக் குடும்பத்தின் பங்கு எவ்வளவு இருக்கும்? ஒரு விறகடுப்பு, இரண்டு மின்குமிழ். அரைப்பேர் மட்டும் அம்மாவுக்கு.

விடாமல் மழை பெய்யும் நாட்களில் ஒன்று செய்யுங்கள். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு தெரிந்தால், ஊற்று கலங்கி வந்தால், மரம் சாய்ந்தால், இரவென்று பார்க்காமல் அம்மாவையும் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு சரிவின் வழியைவிட்டு விலகிப் போய்விடுங்கள். அப்புறம், உங்கள் லயத்துக்கு மேலே இருப்பது தேயிலையா, காடா, வெறும் மண்ணா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா