ஈறில் ரத்தம்: மாத்திரை போதுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. சீப்புச் சீடையைக் கடித்தால் அதில் ரத்தம் ஒட்டுகிறது. பயந்துபோய் அந்தப் பக்கம் பல் தேய்ப்பதையே விட்டுவிட்டேன். “மைட்டோகாண்ட்ரியா பழுதானால்தான் ஈறு கெடும், கோ-என்சைம் கியூ10 மாத்திரை போட்டால் சரியாகிவிடும்” என்று மகன் ஒரு வீடியோ காட்டினான். வாங்கலாமா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, மாத்திரை இருக்கட்டும். அந்தப் பக்கம் தேய்ப்பதை விட்டுவிட்டேன் என்றீர்களே, எனக்கு அதுதான் கவலை. இன்று ராத்திரியே மெதுவான பிரஷ்ஷால் அங்கேயும் தேய்க்க ஆரம்பியுங்கள்.

மகன் காட்டியது முழுப் பொய்யும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் எரிகிற அடுப்பு. சக்தி அங்கேதான் தயாராகிறது. கூடவே கொஞ்சம் புகையும் வரும். பல் இடுக்கில் கிருமிகள் குடியேறினால் அவற்றின் நஞ்சு ஈறு செல்களின் அடுப்பைக் கெடுக்கிறது. சக்தி குறைகிறது, புகை கூடுகிறது. புகை வீக்கத்தைக் கிளப்ப, வீக்கம் மறுபடி அடுப்பைக் கெடுக்க, கடைசியில் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் அடுப்பு ஏற்கெனவே புகைந்துகொண்டுதான் இருக்கும். ஈறு வீக்கமும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும்.

ஆனால் தொடக்கம் பல்லில் படிந்த காரை. உங்கள் ஊர் வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர்க்காரையைத் தடவிப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. பல் காரை விஷயம் வேறு. அது இறுகிவிட்டால் பிரஷ்ஷுக்கு அசையாது, மாத்திரைக்கும் கரையாது. பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். “சுத்தம் பண்ணினால் பல் ஆடும்” என்று யாராவது சொல்வார்கள். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடத் தொடங்கிய பல்லைக் காரை இறுக்கிப் பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

கியூ10-ஐ 1957-இல் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவில் கண்டுபிடித்தார்கள். நம் உடம்பே அதைத் தயாரிக்கிறது. ஈறு நோய்க்காகச் சிறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சுத்தம் செய்ததோடு சேர்த்துக் கொடுத்தபோது சிலவற்றில் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதை நம்பி நான் காசு செலவழிக்கச் சொல்லமாட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அந்த மருந்தின் வேலையை இது குறைத்துவிடலாம்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (எச்பிஏ1சி) பரிசோதித்து, அந்தச் சீட்டோடு பல் டாக்டரிடம் போங்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். காலைப் பலகாரத்தையும் சர்க்கரை மாத்திரையையும் முடித்துவிட்டே கிளம்புங்கள். வெறும் வயிற்றோடு போய் அந்த நாற்காலியில் சாய வேண்டாம்.