அழுக்குக்காகப் போட்ட டிசைன்

கேள்வி: பஸ் நம்பரும் டிக்கெட்டும் அச்சடித்த டீ-ஷர்ட்டை 700 ரூபாய் கொடுத்து வாங்கி வந்திருக்கிறான் என் மகன். நெரிசல், வேர்வை, அழுக்கு. இதில் என்ன அழகைக் கண்டு சட்டையில் போட்டுக்கொள்கிறார்கள்?
– ஒரு வாசகர், அயனாவரம்

பதில்: அழுக்கு என்றீர்களே, அதையே பிடித்துக்கொள்கிறேன். லண்டன் பாதாள ரயிலின் சீட் டிசைன் உலகப் புகழ் பெற்றது. அது பிறந்ததே அழுக்கால்தான். அங்கே சீட்டுக்கு மொக்கெட் என்ற துணி போடுவார்கள். வெல்வெட் மாதிரி மயிர் எழும்பிய கம்பளித் துணி. 1937ல் அதற்கு டிசைன் போட எனிட் மார்க்ஸ் என்ற ஓவியரை அழைத்தார்கள். கார்ல் மார்க்ஸுக்குத் தூரத்து உறவு. கொத்தனார் வேலை முடித்து வந்து உட்கார்ந்து எழுந்தாலும் சீட் புதிதாகத் தெரிய வேண்டும். ஓடுகிற வண்டியில் கோடுகள் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. இதுதான் அவருக்கு முன்னே இருந்த கணக்கு. வெறுமையாக இடம் விட்டால் கறை பளிச்சென்று தெரியும். அதனால்தான் அந்தத் துணிகளில் அடர்ந்த நிறம், விடாமல் திரும்பத் திரும்ப வரும் வடிவம்.

இதே எனிட் மார்க்ஸை ராயல் கலைக் கல்லூரி ஃபெயிலாக்கியது. வேலை கொச்சையாக இருக்கிறதாம். 1982ல் அதே கல்லூரி கூப்பிட்டு கௌரவப் பட்டம் கொடுத்தது. இன்று ரயில் சீட் டிசைனில் சாக்ஸும் பையும் குஷனும் லண்டன் போக்குவரத்து மியூசியக் கடையில் விற்பனைக்கு இருக்கின்றன. கொத்தனாரை மதித்துப் போட்ட டிசைனைத்தான் ஊரே ஆசைப்பட்டு உடுத்துகிறது.

பெர்லினில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே வண்டி சீட்டில் நீலம், சிவப்பு, கறுப்பு என்று திட்டுத் திட்டாக ஒரு டிசைன். யாராவது கிறுக்கினாலும் தெரியாது. 2018 ஜனவரியில் அதே டிசைனில் அடிடாஸ் 500 ஜோடி ஷூ வெளியிட்டது. விலை 180 யூரோ. ஷூவின் நாக்கில் அந்த ஆண்டு முழுவதற்குமான பஸ், ரயில் பாஸைத் தைத்திருந்தார்கள். சாதாரணமாக வாங்கினால் அந்தப் பாஸ் மட்டுமே 700 யூரோவைத் தாண்டும். குளிரில் ராத்திரியெல்லாம் கடை வாசலில் படுத்துக் கிடந்து வாங்கினார்கள். ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு போனால் பாஸ் செல்லாது, காலில் போட்டிருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை இது. உங்கள் மகன் அந்த டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறான் என்றால் 700 ரூபாய்க்கு வருத்தப்படாதீர்கள். பைக்கில் போகிறான் என்றால் நானும் உங்கள் கட்சி.

“ஒழுகுகிற பஸ்ஸுக்கு ஓவியர் ஒரு கேடா?” என்று முன்பு இதே பக்கத்தில் என்னோடு மல்லுக்கு நின்றவர்கள் இப்போதும் பேனாவை எடுப்பார்கள். அவர்களுக்கு என் பழைய பதில்தான்: ஃபிராங்க் பிக். லண்டன் போக்குவரத்தை நிர்வகித்தவர். நேரத்துக்கு வண்டி ஓட்டியதும் அவர்தான், நல்ல ஓவியர்களைத் தேடிப் பிடித்து போஸ்டர் வரைய வைத்ததும் அவர்தான். எட்வர்ட் ஜான்ஸ்டனிடம் சொல்லி ஸ்டேஷன் பலகைகளுக்கென்றே ஓர் எழுத்து வரைய வைத்தார். 1916ல் வந்த அந்த எழுத்துதான் சில திருத்தங்களோடு இன்றும் அங்கே இருக்கிறது. வண்டியைப் பார்த்தவரேதான் எழுத்தையும் பார்த்தார்.

நம் ஊருக்கு மொக்கெட் வேண்டாம். சென்னை வேர்வையிலும் ஐப்பசி மழையிலும் துணி சீட் நாறிவிடும். ஆனால் நமக்கென்று எவ்வளவோ இருக்கிறது. வாட்ச் வாரில் செருகிய டிக்கெட், கண்டக்டர் விரலிடுக்கில் நீளமாக மடித்து வைத்திருக்கும் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிறவருக்கு 29சி என்பது பாதி முகவரி. இளைஞர்கள் இதையெல்லாம் சட்டையில் வரைவதைப் பார்த்து எனக்கு சந்தோஷம்தான்.

என் கோபம் எல்லாம் பஸ்ஸின் இப்போதைய போர்டு மீதுதான். முன்பு வெள்ளை போர்டு என்றால் சாதாரணக் கட்டணம், பச்சை போர்டு என்றால் கூடுதல் காசு. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் தூரத்திலேயே பார்த்து முடிவெடுக்கலாம். நிறமே கட்டணம் சொன்னது, எழுத்தைப் பெயின்டர் கையால் தடித்து எழுதினார். எல்.இ.டி. விளக்கு போர்டு வந்ததும் இரண்டும் போயின. 2021ல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது, அடுத்த ஆண்டு அந்த பஸ்கள் பலவற்றுக்கு முன்னும் பின்னும் பிங்க் நிறம் பூசினார்கள். கேலி செய்தவர்கள் செய்யட்டும், அது சரியான வேலை. கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்கிறவளுக்கு எந்த பஸ் என்று ஒரு நொடியில் தெரிகிறது.

அதே அக்கறை எழுத்துக்கும் வேண்டும். நெற்றியில் ஓடுகிற போர்டில் முதலில் ‘கோ’ வரும். கோயம்பேடா, கோடம்பாக்கமா என்று தெரிவதற்குள் தமிழ் போய் இங்கிலீஷ் வந்துவிடும், பஸ்ஸும் நகர்ந்துவிடும். போக்குவரத்துக் கழகத்தாரே, அடுத்த டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: ஊர் பெயர் ஓடக் கூடாது, நிற்க வேண்டும். அந்த எழுத்தை வரைய ஒரு தமிழ் எழுத்துக் கலைஞரை அழையுங்கள். முழுக் கூலி கொடுங்கள். அவர் பெயரை பஸ்ஸுக்குள் எழுதி வையுங்கள்.